பன்னிரண்டாவது மேஸ்திரி

1686, மே 4, செவ்வாய்

பஞ்சாங்கம் இன்று மழை என்கிறது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். இதை அச்சடிக்கிறவன் சன்னலைத் திறந்து பார்ப்பதே இல்லை போலிருக்கிறது. ஆனாலும் வருடா வருடம் வாங்குகிறேன். மாதத்துக்கு எதிரே ஒரு வெள்ளைத் தாள் வைத்துத் தைத்திருக்கிறான். வாத்தியார் மகளாகப் பிறந்து பீப்பாய்த் தச்சனுக்கு வாழ்க்கைப்பட்டவள் வேறு எங்கே எழுதுவாள்?

காலையில் நகரசபைச் சேவகன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் என் கழுத்துப்பட்டையில் லேஸ் இரண்டு விரல் அகலம் இருந்ததாம். மேஸ்திரி பெண்டாட்டிக்கு ஒரு விரல்தான். இரண்டு விரல் வியாபாரி வீட்டுக்கு, நான்கு விரல் சபை உறுப்பினர் வீட்டுக்கு. வாசலில் நிற்க வைத்து, தெரு முழுக்கப் பார்க்க, தன் அழுக்குக் கட்டைவிரலை என் தொண்டையில் வைத்து அளந்தான். சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரியும். எனக்குப் பின்னால் இருக்கும் உயர்ந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஜெபம் நடக்கும்போது என் கழுத்தை அளந்திருக்கிறாள் நகரசபை உறுப்பினரின் பெண்டாட்டி, அந்தச் சபைக்காரி.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பிரித்தேன். அம்மா கையால் பின்னிய லேஸ்.

மே 9, ஞாயிறு

ஒரு விரல் லேஸோடு கோவிலுக்குப் போனேன். சபைக்காரி புன்னகைத்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்கு முன் பெஞ்சில் லேனா, வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அதுதான் எரிகிறது. இருபத்திரண்டு வயசு. அவள் அப்பா மூத்த மேஸ்திரி, அதனால் அந்த இடம் அவளுக்கு. அப்பா செத்ததும் யோர்க் வந்தான், எங்கோ மலைநாட்டிலிருந்து, தோளில் ஒரு மூட்டையோடு. அவளைக் கட்டினான். மேஸ்திரி மகளைக் கட்டினால் மேஸ்திரி இடம் சீதனமாக வந்துவிடும். எங்கள் ஊர்ச் சங்கத்தில் பீப்பாய் மேஸ்திரிகள் பன்னிரண்டு பேர்தான், அதற்குமேல் ஒரு ஆள் கிடையாது. பன்னிரண்டாவது இடம் காலியாகக் காத்திருந்தவன் என் மகன் லோரன்ஸ்.

இருபத்தேழு வயசாகிறது அவனுக்கு. இன்னும் அப்பாவின் பட்டறையில் கூலித் தச்சன். மேஸ்திரி ஆகாமல் கல்யாணம் செய்ய முடியாது. ரொட்டிக்கடைக்காரர் மகள் சபீனா நான்கு வருஷமாகக் காத்திருக்கிறாள். அவள் அப்பா கெடு வைத்துவிட்டார்: மார்ட்டின் திருநாள் வரைக்கும், நவம்பர் பதினொன்று. அதற்குப் பிறகு அவளை ஒரு சேணக்காரனுக்குக் கொடுத்துவிடுவாராம்.

ஒருவன் செத்தால்தான் உண்டு. என் வீட்டுக்காரரைத் தவிர்த்த பதினோரு பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். யோர்க் அவர்களில் இளையவன்.

ஜூன் 3, வியாழன்

மத்தியானம் நடந்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே ஓடுகிறது. எழுதினால்தான் நிற்கும்.

உச்சி வெயிலில் என் மகள் உர்சலைப் பீர் வாங்க அனுப்பினேன். ஏழு வயசுக்காரிக்கு அந்தக் குடம் கனம்தான், இருந்தாலும் போவாள். எங்கள் பட்டறைக்கும் யோர்க் பட்டறைக்கும் நடுவே இருக்கும் சந்தில் அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். நான் பின்வாசலில் நின்றிருந்தேன். அந்தப் பக்கமிருந்து நாய் வந்தது. வாயெல்லாம் நுரை, தலையைச் சுவரில் மோதி மோதி வந்தது. சந்து ஒரு ஆள் அகலம். உர்சல் குடத்தைப் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். எனக்குக் குரல் வரவில்லை. கால் வரவில்லை. பெற்றவள் நான், நின்றுகொண்டிருந்தேன்.

யோர்க் தன் சன்னலிலிருந்தே குதித்தான். கையில் பலகை செதுக்கும் வாய்ச்சி. ஒரே அடி. பிறகு இன்னொன்று.

உர்சல் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு என் அடுப்படிவரை வந்தான். கையைக்கூடக் கழுவவில்லை. அவன் சட்டை ரத்தம் அவள் கன்னத்தில். நான் அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன்.

அப்போதுதான் அவன் முகம் வெளுத்தது. "அக்கா, யாரும் பாக்கலியே?" என்றான்.

நாய் கொல்வது தோலுரிப்பவன் தொழில். மதிலுக்கு வெளியே இருக்கிறானே, செத்த மாடு அள்ளுகிறவன், அவனைக் கூப்பிட வேண்டும். சங்கத்துக்காரன் தன் கையால் நாயைக் கொன்றால் அவனும் தீட்டு. அவன் வாய்ச்சி தீட்டு. பட்டறை போகும், பெயர் போகும். அவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் குதித்தான்.

யாரும் பார்க்கவில்லை என்றேன். உர்சல் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அவன் நாயை ஒரு பழைய பீப்பாயில் போட்டு மூடி, கைவண்டியில் ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

ஜூன் 4

உர்சலைச் சொல்ல வைத்தேன்: நாய் தானாக ஓடிவிட்டது. பத்து முறை. பதினோராவது முறை, "ஆனா யோர்க் மாமாதானே என்னைத் தூக்கிட்டு வந்தாங்க" என்கிறாள். ஒரு அறை கொடுத்தேன்.

ஜூன் 13, ஞாயிறு

லேனாவுக்கு ஒரு கூடை செர்ரி கொடுத்தேன். என் கணவர் உல்ரிக்குக்கு ஆச்சரியம், அந்த வீட்டுக்கு நான் ஒரு வாழ்த்துக்கூடச் சொன்னதில்லையே. அவரிடம் எதுவும் சொல்லவில்லை. லேனாவுக்குத் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆகஸ்டில் பிரசவம், பக்கத்தில் நீங்கள் இருக்க வேண்டும் என்றாள். சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஜூன் 24, யோவான் திருநாள்

சங்கத்து விருந்து. யோர்க் நகரசபை நிலவறைக்குச் செய்த பெரிய திராட்சரசப் பீப்பாயை எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவனை இளைய காரியக்காரன் ஆக்கிவிட்டார்கள்.

லோரன்ஸ் எழுந்து பதின்மூன்றாவது இடம் கேட்டான். சங்கத் தலைவர் பல்லிடுக்கில் கறியை வைத்துக்கொண்டே, யாராவது செத்த பிறகு வா தம்பி என்றாராம். மேசை முழுக்கச் சிரிப்பு.

அதோடு விட்டிருக்கலாம். வெளியே வரும்போது யோர்க் உல்ரிக்கிடம் வந்து, மூன்று பேர் காதில் விழ, நல்ல மனசோடு, ஐயோ எவ்வளவு நல்ல மனசு, "அண்ணே, லோரன்ஸ எங்கிட்ட அனுப்புங்க. பெரிய வேலையெல்லாம் வருது. நல்ல கூலி தர்றேன்" என்றான்.

என் மகன். மூன்று தலைமுறை மேஸ்திரி வீட்டுப் பிள்ளை. மூட்டையோடு வந்தவனிடம் கூலிக்கு!

லோரன்ஸ் வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனான். சாப்பிடவில்லை. உல்ரிக், அவன் நல்லதுக்குத்தானே சொன்னான் என்கிறார். இந்த மனுஷனுக்கு உப்பும் உறைக்காது, மிளகும் உறைக்காது.

ஜூலை 4, ஞாயிறு

கோவிலில் இராப்போஜன அப்பம் வாங்குவதற்கு முன் போதகர் கேட்டார், மனதில் ஏதாவது பாரம் உண்டா என்று. இல்லை என்றேன். உண்மைதானே. இன்னும் நான் எதுவும் செய்யவில்லை.

ஜூலை 8, வியாழன்

துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கல்லில் சங்கத் தலைவர் பெண்டாட்டி ரெஜினா. துப்பறிவதில் அவளை மிஞ்ச இந்த ஊரில் ஆள் இல்லை.

சத்தியத்தை நான் மீறவில்லை. பார்த்தேன் என்று சொல்லவே இல்லை. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். ஒரு வாய்ச்சியால் நாயை அடித்துவிட்டால், அந்த வாய்ச்சிக்கு மட்டும் தீட்டா, அதால் பிறகு செதுக்கிய பீப்பாய்க்கும் தீட்டா?

அவள் பிழிந்துகொண்டிருந்த துணி அப்படியே நின்றது. எந்த வாய்ச்சி என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும், சும்மா கேட்டேன் என்றேன். எங்கள் சந்து வழியே ஒரு தரம் மனசுக்குள் நடந்து பார்த்திருப்பாள். அந்தச் சந்தில் வாய்ச்சி உள்ள வீடு இரண்டுதான். என் வீட்டுக்காரர் எறும்பை மிதிக்கவும் யோசிப்பார்.

துணி நன்றாக வெளுத்தது இன்று.

ஜூலை 12, திங்கள்

யோர்க்கை விசாரிக்கச் சங்கப் பெட்டியைத் திறந்தார்கள். பெட்டி திறந்திருக்கும்போது பொய் சொன்னால் அது கடவுள் முன் சொன்ன பொய். யோர்க் பொய் சொல்லவில்லை. ஆமாம் கொன்றேன், குழந்தையைக் கடிக்க வந்த வெறிநாய், பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டான். பெண்கள் உள்ளே போகக்கூடாது. ஆகவே தலைவரும் இரண்டு பேரும் என் வாசலுக்கு வந்தார்கள். யோர்க்கும் பின்னால் நின்றான். அவன் முகத்தில் பயமே இல்லை. நான் இருக்கிறேன் அல்லவா.

வெறிநாய், உயிரைக் காக்க வேறு வழியில்லை என்று ஒரு சாட்சி சொன்னால் நகரசபை மானப் பத்திரம் எழுதிக் கொடுக்கும், தீட்டு கழிந்துவிடும். ஓடு வேய்கிற ஒருவனுக்கு அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரியும் அது. எனக்கும் தெரியும்.

தலைவர் கேட்டார், அந்த நாய்க்கு வெறியா என்று.

"எனக்கு எப்படித் தெரியும்? தாகமா இருந்திருக்கும். வெயில் காலந்தானே" என்றேன்.

குழந்தையைக் கடித்ததா? இல்லை. கடிக்கப் பாய்ந்ததா? தூரத்தில் நின்றது. சத்தம் போட்டிருந்தால் போயிருக்கும்.

யோர்க் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. கணக்கு புரியாத பையன் சிலேட்டைப் பார்ப்பானே, அப்படி.

தலைவர் கடைசியாக ஒன்று கேட்டார்: "அந்தக் கையோட உங்க புள்ளையத் தொட்டாரா?"

"இல்லை" என்றேன். "கிட்டவே வரல."

அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். தொட்டேன் என்று சொல்லியிருந்தால் உர்சலும் அவனோடு தீட்டாகியிருப்பாள். சொல்லவில்லை. அவன் சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்காதே.

ஜூலை 13

அவன் கூலித் தச்சர்கள் விடியும் முன்பே மூட்டையைக் கட்டிவிட்டார்கள். சங்கத்துப் பலகையில் பன்னிரண்டாவது பெயரை உளியால் செதுக்கி எடுத்தார்கள். லோரன்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அந்த இடத்தில் மரம் வெள்ளையாக இருக்கிறதாம்.

உல்ரிக் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தபடியே, "நெசமாவே அந்த நாய்க்குத் தாகந்தானா?" என்றார்.

பாதிக் கஞ்சியோடு கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை.

ஜூலை 30

யோர்க் வீட்டுக்கு ரொட்டி விற்கமாட்டேன் என்கிறார் சபீனாவின் அப்பா. நல்ல மனிதர், ஒழுங்கு தெரிந்தவர்.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு லேனாவின் சத்தம் ஆரம்பித்தது.

யோர்க் மருத்துவச்சி வால்புர்காவிடம் ஓடினான். அவள் கதவு திறக்காமல், மாடிச் சன்னலிலிருந்து பேசினாள். தீட்டு வீட்டில் கை வைத்தால் நாளைக்கு எந்த மானமுள்ள பெண்ணும் என்னைக் கூப்பிடமாட்டாள், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாள். அதுவும் நியாயம்தான். பிறகு தெரு நெடுகத் தட்டிக்கொண்டே வந்தான். எந்த வீட்டில் எத்தனை தட்டு என்று எண்ண முடிந்தது.

என் கதவு.

"அக்கா." ஒரு தட்டு. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா அவ கையப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. உங்களத்தான் கேக்குறா."

தாழ்ப்பாளில் என் கை இருந்தது. அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. நான் திறந்தால் நானும் தீட்டு, உல்ரிக் தீட்டு, லோரன்ஸின் இடம் போச்சு. எல்லாம் இதற்காகத்தானே? நான் என்ன செய்திருக்கணும்? சொல்லு. என்னதான் செய்திருக்கணும்?

உர்சல் என் பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள். யோர்க் மாமாம்மா, கதவத் தெறம்மா. அவள் வாயைப் பொத்தினேன். அவன் போன பிறகு முட்டைக்கோஸ் நறுக்க உட்கார்ந்தேன். ஊறுகாய் போடும் காலம் இன்னும் வரவில்லை. இருந்தாலும் நறுக்கினேன், பலகை அதிர அதிர. பதினான்கு முட்டைக்கோஸ். சாயங்கால மணி அடித்தபோது கத்தியை நிறுத்திப் பார்த்தேன். சத்தம் இல்லை.

ஆகஸ்ட் 18

லேனா போய்விட்டாள். குழந்தையும். ஆண் குழந்தையாம். பஞ்சாங்கம் இன்று முள்ளங்கி விதைக்க நல்ல நாள் என்கிறது.

ஆகஸ்ட் 19

சங்கத்துப் பாடையும் இல்லை, கறுப்புத் துணியும் இல்லை, தூக்க ஆளும் இல்லை. பீப்பாய்ப் பலகைகளை வைத்து அவனே பெட்டி செய்தான். பலகை வளைந்தது, பெட்டியும் வளைந்திருந்தது. கடைசியில் தோலுரிப்பவனும் அவன் பிள்ளைகளும் வந்து தூக்கினார்கள். அவர்கள் தோளோடு தோள் யோர்க்கும் நடந்தான். எல்லாச் சன்னலிலும் முகம். அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்குத் திரும்பி வர வழியே இல்லை.

ஆகஸ்ட் 31

யோர்க் இப்போது மதிலுக்கு வெளியே தோலுரிப்பவன் குடும்பத்தோடுதான் இருக்கிறான். செத்த குதிரை அள்ளுகிறான். சாராயக்கடையில் மூலையில் முக்காலி போட்டு, மூடியில்லாத குவளையில் ஊற்றிக் கொடுக்கிறார்களாம், அந்த ஜாதிக்கு வைத்திருக்கும் குவளை. இதை லோரன்ஸ் சொன்னான். உல்ரிக் எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 29

லோரன்ஸின் சோதனைப் பீப்பாயை மூன்று மேஸ்திரிகள் உருட்டிப் பார்த்தார்கள். ஒரு பலகைச் சந்தில் கொஞ்சம் கசிவு. பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார்கள். நவம்பர் எட்டாம் தேதி பெயர் எழுதுகிறார்கள். மார்ட்டின் திருநாளுக்கு மூன்று நாள் முன்னால்!

சபீனா வந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். மாவு வாசனை.

அக்டோபர் 3, ஞாயிறு

லேனாவின் பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். போதகர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முன் பலகையில் யாரோ சின்ன வயசில் நகத்தால் கீறிய ஒரு பூ இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 21, வியாழன்

சந்தை நாள். எல்லாம் போச்சு.

ரெஜினாவோடு வெண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலுரிப்பவன் வண்டி வந்தது. கூட்டம் விலகியது. வண்டியின் பக்கத்தில் யோர்க் நடந்து வந்தான், தாடியோடு. நான் தலையைத் திருப்பினேன். உர்சல் என் கையை உதறிவிட்டு ஓடினாள். சந்தை நடுவே, அவன் முன்னால் போய், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். "மாமா, தூக்குங்க!"

அவன் பின்னால் போனான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "யாரு பாப்பா நீ? எனக்கு உன்னத் தெரியாதே. அம்மாட்ட போ" என்றான்.

பாவி. அப்போதும் காப்பாற்றத்தான் பார்த்தான்.

ஆனால் இவள் யார் மகள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வெண்ணெய்க்காரி முதல் கோவில் மணியக்காரன் வரை கேட்க, "பொய்! நாயக் கொன்னுட்டு நீங்கதானே என்னைத் தூக்கிட்டு வந்தீங்க! அம்மா உங்க கைக்கு முத்தங்கூடக் குடுத்தாங்க!" என்றாள்.

ஒரு கோழி கூடக் கத்தவில்லை.

ரெஜினா என் பக்கத்திலிருந்து ஒரு அடி நகர்ந்தாள். "கிட்டவே வரலன்னு சொன்னீங்களே" என்றாள், மெதுவாக.

குழந்தைக்கு வாய் நீளம், கதை கட்டும் என்றேன். உர்சலை எல்லோர் முன்னாலும் அடித்தேன். அடிக்க அடிக்க, உண்மை, உண்மை என்றுதான் கத்துகிறாள்.

அக்டோபர் 24, ஞாயிறு

தலைவர் வந்தார். உட்காரவில்லை. உல்ரிக் ஊற்றிய பீரைத் தொடவில்லை.

ஜூன் மாதத்திலிருந்து இந்த வீட்டில் தானும் சாப்பிட்டிருக்கிறார், பாதிச் சங்கம் சாப்பிட்டிருக்கிறது. வீடு முழுக்கத் தீட்டு என்றால் அவருக்கும் தீட்டு. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். முத்தம் கொடுத்தது குழந்தையின் கற்பனை. தொட்டது மட்டும்தான் உண்மை. தொட்டது குழந்தையை மட்டும்தான். நவம்பர் எட்டாம் தேதிக்கு முன் குழந்தை இந்த வீட்டில் இல்லையென்றால், லோரன்ஸின் பெயரை எழுதுவார்கள். இருந்தால் லோரன்ஸுக்கு இடமில்லை, உல்ரிக்கின் பெயரையும் பலகையிலிருந்து எடுப்பார்கள். அதுவரைக்கும் அவள் தட்டும் குவளையும் தனியாக இருக்கட்டும் என்றார். வாசலில் நின்று உல்ரிக் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

லோரன்ஸ் மட்டும் அழவில்லை. "நாலு வருஷம் காத்திருந்தேன்மா" என்றான். போதும் அது.

அக்டோபர் 25

உர்சலுக்குத் தனிக் குவளை. மூடியைக் கழற்றிவிட்டேன். "இது எனக்கு மட்டுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு, பொம்மைக்கும் அதிலேயே பால் கொடுக்கிறாள்.

நவம்பர் 2

அநாதை விடுதிக்காரி முடியாது என்கிறாள். தீட்டுப் பட்ட பிள்ளை ஒன்று உள்ளே வந்தால், மற்ற பிள்ளைகளை எந்தச் சங்கமும் வேலை கற்கச் சேர்க்காதாம். பக்கத்து ஊரில் இருக்கும் என் தங்கைக்கு ஆள் அனுப்பினேன். சேதி எனக்கு முன்னாலேயே போய்விட்டிருக்கிறது. ஆளை வாசலோடு திருப்பிவிட்டாள்.

உல்ரிக் சொல்கிறார், எல்லாவற்றையும் லோரன்ஸிடம் விட்டுவிட்டு உர்சலோடு மூன்று பேரும் எங்காவது போய்விடலாம் என்று. எங்கே போவது? போய்? மூட்டையோடு இன்னொரு ஊரில் நின்று, யோர்க் மாதிரி?

நவம்பர் 5, வெள்ளி

போனேன். மதில் வாசல் தாண்டி, பட்டப்பகலில், நானே போனேன். தோலுரிப்பவன் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். நாற்றம் என்று சொல்வார்கள். சுண்ணாம்பு வாசனைதான் வந்தது. யோர்க் வந்தான். பத்தடி தள்ளி நின்றான், அவனாகவே.

பேசிக்கொண்டு போன எதுவும் வாயில் வரவில்லை. திங்கட்கிழமைக்கு முன்னால் அவள் வீட்டில் இருக்கக்கூடாது என்றேன். எங்கும் எடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்றேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் போனேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். பிறகு, "சாப்பிட அவளுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டான்.

ஆப்பிள் என்றேன். சரிதானா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 7, ஞாயிறு

நல்ல கம்பளி உடுப்பு போட்டுவிட்டேன். சடை பின்னினேன், இரண்டு முறை பிரித்துப் பின்னினேன். யோர்க் மாமா வீட்டில் ஆப்பிள் இருக்கிறது என்றேன். "அப்ப இனிமே அவரைத் தெரியும்னு சொல்லலாமா?" என்று கேட்டாள்.

சொல்லலாம்.

கோவில் நேரத்தில், தெருவில் யாரும் இல்லாதபோது உல்ரிக்தான் கூட்டிக்கொண்டு போனார். அவர் பக்கத்தில் குதித்துக் குதித்துப் போனாள். ஒரு கையில் பொம்மை, இன்னொரு கையில் அந்தக் குவளை. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

நவம்பர் 8, திங்கள்

எழுதிவிட்டார்கள். பன்னிரண்டாவது: லோரன்ஸ்.

நவம்பர் 16

கல்யாணம் நன்றாக நடந்தது. இரண்டு வாத்து, ஒரு பன்றி. ரெஜினா என் கிண்ணத்திலிருந்தே ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டாள், எல்லோரும் பார்க்க. அது அவள் காட்டிய மரியாதை. தெரியும் எனக்கு. உல்ரிக் நடனத்தில் நிற்கவில்லை. அவர் இப்போது பட்டறையிலேயே மரச்சுருள் மேல் படுத்துக்கொள்கிறார்.

டிசம்பர் 12, ஞாயிறு

சபைக்காரி இன்று கோவில் வாசலில் நின்று என்னிடம் பேசினாள். உங்கள் குடும்பம் ஒழுங்குள்ள குடும்பம், எல்லோரும் சொல்கிறார்கள் என்றாள். அவள் கழுத்தில் நான்கு விரல் லேஸ்.

டிசம்பர் 20, திங்கள்

புது வருஷப் பஞ்சாங்கம் வாங்கியாகிவிட்டது. முதல் பக்கத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெயரையும் பிறந்த நாளையும் எழுதக் கட்டம் போட்டிருக்கிறான். ஒவ்வொரு வருஷமும் பழையதைப் பார்த்துப் படியெடுப்பேன். உல்ரிக், அப்பொலோனியா என்று என் பெயர், லோரன்ஸ். நான்காவது கட்டத்தில் சபீனா என்று எழுதினேன். கட்டம் சரியாக நிரம்பியது.

மை காயட்டும் என்று சன்னலருகில் வைக்கப் போனேன். கீழே தோலுரிப்பவன் வண்டி போய்க்கொண்டிருந்தது. யாருடைய கழுதையோ செத்திருக்கிறது. வண்டியின் முன் பலகையில் யோர்க், பக்கத்தில் உர்சல். கன்னம் உப்பியிருந்தது. வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தாள். ஏதோ பாட்டு, வாயை மூடிக்கொண்டே. எங்கள் வீட்டுக்கு நேரே வந்ததும் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள்.

அவள் முகம் மலர்ந்தது. கை பாதி உயர்ந்தது. அப்புறம் நினைவு வந்தது அவளுக்கு. கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள். சந்தையில் அவன் செய்தானே, அதேபோல. மானமுள்ளவர்கள் பக்கம் கை நீட்டக்கூடாது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

நன்றாகத்தான் வளர்க்கிறான்.

சன்னலைச் சாத்தினேன். எழுதிய பக்கத்தில் மை கொஞ்சம் இழுபட்டுவிட்டது, என் பெயருக்கு மேல்.